திருமதியா, செல்வியா, பெயர் மட்டும் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

பெண்களைக் கடிதத்திலும் மேடையிலும் நேர்ப்பேச்சிலும் எவ்வாறு அழைப்பது என்பது குறித்து நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களில் பலர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் கேள்விகளை மட்டும் தருகிறேன்.

கேள்வி: அலுவலகத்தின் சார்பில் நாள்தோறும் பலருக்குக் கடிதம் எழுதும் பொறுப்பில் இருக்கிறேன். ஆண்களுக்குத் ‘திரு’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பெண்களுக்கு எழுதும்போது மட்டும், அவர் திருமணமானவரா இல்லையா என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது. தவறாக எழுதி யாருடைய மனத்தையும் புண்படுத்த விருப்பமில்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் தயங்குவது சரியானதே. உங்கள் இடத்தில் இருக்கும் பலர் தயங்குவதே இல்லை. பதவி பெரிதென்றால் வயதும் ஆகியிருக்கும், வயதாகியிருந்தால் திருமணமும் ஆகியிருக்கும் என்று தாங்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டு ‘திருமதி’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘திரு’ என்னும் முன்னொட்டு, ஒருவர் ஆண் என்பதைத் தவிர அவரைப் பற்றி வேறெதையும் சொல்வதில்லை. ‘திருமதி’யும் ‘செல்வி’யும் அப்படியல்ல. கடிதத்தின் பொருளுக்குக் கொஞ்சமும் தொடர்பில்லாத ஒரு குடும்பச் செய்தியை, அதுவும் உறையின் மேலேயே, எழுதுகிறவர் அறிவிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாத ஒரு செய்தியை அறிவிக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

அவர் உங்களுக்கு எழுதிய கடிதம் ஏதேனும் இருந்தால், அதன் அடியில் எப்படிக் கையெழுத்திட்டிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். தம் பெயருக்கு முன் ‘திருமதி’ என்றோ ‘முனைவர்’ என்றோ அவரே எழுதியிருந்தால் அதை அப்படியே பின்பற்றுவதைவிட மரியாதையான வழி வேறில்லை. வெறும் பெயரை மட்டும் எழுதியிருந்தால் நீங்களும் பெயரை எழுதி ‘அவர்களுக்கு’ என்று முடித்துவிடலாம். ‘அவர்கள்’ என்னும் இந்தச் சொல் நமக்கு வாய்த்திருக்கும் பெரிய வசதி. ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. மணமானவரா என்றும் பார்ப்பதில்லை. ஆனாலும் மதிப்பில் எள்ளளவும் குறைவதில்லை. பெயருக்கு முன் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் கடிதம் நிறைவு பெறும் என்று உங்கள் மேலதிகாரி கருதினால் ‘திருமிகு’ என்று எழுதுங்கள். அது இருபாலர்க்கும் பொருந்தும். ஆனால் ஒரே பட்டியலில் ஆண்களுக்கெல்லாம் ‘திரு’ சேர்த்துவிட்டுப் பெண்களுக்கு மட்டும் வெறும் பெயரை எழுதிவிடாதீர்கள். உங்கள் தயக்கம் படிப்பவர் கண்ணுக்கு மதிப்புக் குறைவாகவே தெரியும். எதைத் தேர்ந்தாலும் எல்லாருக்கும் அதையே வையுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம். ‘கடிதங்களில் தங்களை எவ்வாறு குறிப்பிட வேண்டும்?’ என்ற ஒரு வரி போதும். ‘தங்களுக்குத் திருமணமாகிவிட்டதா?’ என்று கேட்பது வேறு. முன்னது அவருடைய விருப்பத்தைக் கேட்கிறது. பின்னது அவருடைய சொந்த வாழ்க்கையைத் துருவுகிறது.

கேள்வி: எனக்கு வயது 44, திருமணம் செய்துகொள்ளவில்லை. மேடையில் ‘செல்வி’ என்று அழைத்தால் பள்ளிச் சிறுமியைக் கூப்பிடுவதைப் போல் இருக்கிறது. ‘திருமதி’ என்று அழைத்தால் ஒரு பொய்க்கு நான் உடன்பட்டதைப் போல் இருக்கிறது. பிற மொழிகளில் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள்?

பதில்: ஆங்கிலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்று மணமாகாதவருக்கு வழங்கும் ‘மிஸ்’, மணமானவருக்கு வழங்கும் ‘மிஸஸ்’ ஆகிய இரண்டுமே ‘மிஸ்ட்ரஸ்’ என்ற ஒரே சொல்லிலிருந்து பிறந்த சுருக்கங்கள். ஒரு வீட்டையோ தொழிலையோ பணியாளர்களையோ தம் பொறுப்பில் வைத்திருந்த பெண்ணை அந்தச் சொல் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சொந்தமாகத் தொழில் நடத்திய பெண்கள் மணமாகாதவர்களாக இருந்தாலும் ‘மிஸஸ்’ என்று அழைக்கப்பட்டார்கள் என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வரலாற்றாய்வாளர் ஏமி எரிக்சன் 2014-இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்நாளில் அந்த முன்னொட்டு காட்டியது சமூக நிலையை, மணநிலையை அன்று. ‘மிஸ்’ என்பதோ சிறுமியர்க்கு உரியதாக இருந்து, பின்னர்தான் வளர்ந்த பெண்களுக்கும் வந்து சேர்ந்தது. அது வந்த பிறகே மணமானவர், மணமாகாதவர் என்ற பிரிவு இறுகியது. ஆகவே, பெண்களை இப்படி இரண்டாகப் பிரித்து அழைப்பது தொன்றுதொட்டு வரும் ஏற்பாடு என்று வாதிடுவோருக்கு, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, வரலாறு துணை நிற்கவில்லை.

மணநிலையைக் காட்டாத ‘எம்-எஸ்’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்தை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரச் செய்தித்தாள் ஒன்று 1901 நவம்பரிலேயே முன்மொழிந்தது. தெரியாமல் தவறாக அழைத்துவிடும் சங்கடத்தைத் தவிர்ப்பதுதான் அதன் நோக்கம். மேலே கேள்வி எழுதியிருக்கும் அலுவலரின் சங்கடமும் அதுவேதான். அன்று அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1961-இல் ஷீலா மைக்கேல்ஸ் என்ற, கறுப்பினத்தவரின் சம உரிமைக்காகப் பாடுபட்ட செயற்பாட்டாளர், தம்முடன் தங்கியிருந்த தோழிக்கு அஞ்சலில் வந்த இதழின் முகவரிச் சீட்டில் அதைக் கண்டார். ஒரு தந்தைக்கு உரியவளாகவோ ஒரு கணவருக்கு உரியவளாகவோ தம்மைக் காட்டாத ஒரு சொல்லை அவர் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. பல ஆண்டுகள் எடுத்துச் சொல்லியும் பரவாத அந்தச் சுருக்கம், 1969 வாக்கில் நியூயார்க் வானொலி ஒன்றில் அவர் பேசிய பிறகே பெண்ணிய வட்டாரங்களைச் சென்றடைந்தது. பெண்ணிய எழுத்தாளர் குளோரியா ஸ்டைனமும் அவருடைய தோழியரும் தொடங்கி, 1972-இலிருந்து ஒழுங்காக வெளிவரத் தொடங்கிய இதழுக்கு அதுவே பெயராயிற்று. அதே ஆண்டில் அமெரிக்க அரசு அச்சகமும் அதை ஏற்றுக்கொண்டது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் மட்டும் 1986 ஜூன் வரை பிடிவாதமாக மறுத்துவந்தது.

ஜெர்மானியர் வேறு வழியில் சென்றார்கள். புதுச்சொல் எதையும் படைக்காமல், இருந்த இரண்டில் ஒன்றைக் கைவிட்டார்கள். மணமாகாதவருக்கு வழங்கிய ‘ஃப்ராய்லைன்’ என்பது, மணமானவருக்கு வழங்கிய ‘ஃப்ராவ்’ என்பதன் குறுமை வடிவம்; அவர்களுடைய இலக்கணப்படி அது பெண்பால்கூட இல்லை, ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பால். வளர்ந்த பெண்கள் அனைவரையும் அரசு வழக்கில் ‘ஃப்ராவ்’ என்றே குறிப்பிட வேண்டுமென்று 1972-இல் மேற்கு ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம் அறிவித்தது. பிரான்சில் 2012 பிப்ரவரியில் பிரதமர் ஃபிரான்சுவா ஃபியோன் வெளியிட்ட சுற்றறிக்கை, மணமாகாதவருக்கு வழங்கிய ‘மத்மொசேல்’ என்பதை அரசுப் படிவங்களிலிருந்து நீக்கியது. ‘மதாம்’ மட்டும் எல்லாருக்குமாக நின்றது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மேடையில் உங்களைப் பற்றி வாசிக்கப்போகும் அறிமுகக் குறிப்பை நீங்களே எழுதி அனுப்புங்கள். அதில் பெயரையும் தொழிலையும் மட்டும் எழுதி, பெயருக்கு முன் எதையும் சேர்க்க வேண்டாம் என்று ஒரு வரி குறித்துவிடுங்கள். விழா நடத்துவோர் பெரும்பாலும் தெரியாமல்தான் சேர்க்கிறார்கள். வளர்ந்த பெண்களுக்குச் ‘செல்வி’ என்று எழுதுவதை, அவரே அதை விரும்பினாலன்றி, நாம் கைவிட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. 50 வயது ஆண் ஒருவருக்கு மணமாகவில்லை என்பதற்காக அவரைச் ‘செல்வன்’ என்று யாரும் மேடையேற்றுவதில்லை.

கேள்வி: எனக்குத் திருமணமாகி 30 ஆண்டுகள் ஆகின்றன. ‘திருமதி’ என்று அழைக்கப்படுவதில் எனக்கு மகிழ்ச்சியே. என் மகள் அதைப் பிற்போக்கு என்கிறாள். நான் மாற வேண்டுமா அம்மா?

பதில்: மாற வேண்டியதில்லை. மணநிலையைக் காட்டாத முன்னொட்டுக்காகப் போராடியவர்கள் கேட்டது, தம்மை எப்படி அழைக்க வேண்டுமென்று தீர்மானிக்கும் உரிமையை. அந்த உரிமையில் ‘திருமதி’யைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அடங்கும். மார்கரெட் தாட்சர் 11 ஆண்டுகள் பிரிட்டனின் பிரதமராக இருந்தபோது உலகம் முழுவதும் ‘மிஸஸ் தாட்சர்’ என்றே அவரை அழைத்தது. அவரும் அதை ஏற்றுக்கொண்டார். ஏறக்குறைய அதே காலத்தில், 1984-இல், அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளராக நின்ற முதல் பெண்ணான ஜெரால்டின் ஃபெராரோவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ஃபெராரோ என்பது அவருடைய பிறந்த வீட்டுப் பெயர்; கணவரின் குடும்பப் பெயர் ஸக்காரோ. அவர் மணமானவர் என்பதால் ‘மிஸ்’ என்று எழுத முடியாது. ‘எம்-எஸ்’ என்று எழுத நியூயார்க் டைம்ஸின் விதி இடம்தரவில்லை. எனவே ‘மிஸஸ் ஃபெராரோ’ என்று எழுதினார்கள். அந்தப் பெயரில் ‘மிஸஸ்’ என்று சொல்லத்தக்கவர் அவருடைய தாயார்தான். அந்த நாளிதழிலேயே மொழி பற்றி எழுதிவந்த வில்லியம் சஃபையர், பழமையை எளிதில் விட்டுக்கொடுக்காதவர். அவரே இது தகாது என்று எழுதும்படி ஆயிற்று. ஒருவருக்குப் பொருந்திய முன்னொட்டு இன்னொருவர் விஷயத்தில் பொய்யாகிவிட்டது.

மகளிடம் கோபம் வேண்டாம். தனக்கு எது வேண்டுமென்று அவள் தீர்மானிக்கட்டும். உங்களுக்கு எது வேண்டுமென்று தீர்மானிப்பது அவள் வேலை இல்லை என்பதையும் அன்பாகவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அழைப்பிதழ்களில் என் பெயருக்கு முன்னிருந்த ‘திருமதி’யைச் சிலர் தாங்களாகவே எடுத்துவிட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

பதில்: அந்த வலிக்கு முழு நியாயம் இருக்கிறது. கணவர் மறைந்தால் அந்த முன்னொட்டும் மறைந்துவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்களைக் கேட்காமல் அதை நீக்கியவர்கள், உங்கள் துயரத்தை மற்றவர்க்கு விளம்பரப்படுத்தியிருக்கிறார்கள் என்பதை உணர்ந்திருக்க மாட்டார்கள். நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, ‘முன்பு எழுதியபடியே எழுதுங்கள்’ என்று தெரிவிக்கச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கணவரை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர் ஆகியோரின் பெயரில் எந்த மாற்றத்தையும் நீங்களாகச் செய்யாதீர்கள். அவர் மாற்றினால் மட்டும் மாற்றுங்கள். மணவிலக்குக்குப் பிறகு ‘திருமதி’யைத் தொடர விரும்புகிறவரும் உண்டு, அன்றே விட்டுவிட விரும்புகிறவரும் உண்டு.

கேள்வி: என்னுடன் வேலை செய்யும் ஆண்களை எங்கள் மேலாளர் ‘சார்’ என்கிறார். அதே தகுதியும் அதே பதவியும் உள்ள என்னை ‘சொல்லும்மா’, ‘வாம்மா’ என்கிறார். அவர் நல்லவர்தான், அன்போடுதான் சொல்கிறார். இதை நான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை. ‘அம்மா’ என்பது நம் மொழியின் மிக உயர்ந்த விளிச்சொற்களில் ஒன்று. ஆனால் அது சுருங்கி ‘ம்மா’ என்று வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும்போது பெரும்பாலும் சிறியவர்களை நோக்கிப் பேசும் குரலாக மாறிவிடுகிறது. ‘சொல்லுங்கம்மா’ என்பதில் மரியாதை இருக்கிறது. ‘சொல்லும்மா’ என்பதில் வாஞ்சை இருக்கலாம், ஆனால் சமநிலை இல்லை. வீட்டில் அது இனிக்கும். கூட்டத்தில் நாலு பேர் நடுவே, பக்கத்து இருக்கைக்காரர் ‘சார்’ ஆக இருக்கும்போது, உங்கள் கருத்தின் எடையை அது குறைத்துவிடுகிறது. சொன்னவர் நல்லவர் என்பதால் கேட்பவர்கள் மனத்தில் பதிவது மாறிவிடாது.

இது உங்கள் மனப்பிரமை இல்லை என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தைச் சேர்ந்த ஜூலியா ஃபைல்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும், மருத்துவர்கள் கூடும் கருத்தரங்குகளில் பேச்சாளர்களை எப்படி அறிமுகப்படுத்துகிறார்கள் என்று ஒளிப்பதிவுகளைப் பார்த்துக் கணக்கெடுத்து 2017-இல் வெளியிட்டார்கள். அறிமுகம் செய்பவர் ஆணாக இருந்தபோது, ஆண் பேச்சாளர்களில் 72.4 விழுக்காட்டினரை முதல் அறிமுகத்தில் ‘டாக்டர்’ போன்ற தொழிற்பட்டத்தோடு அழைத்தார். பெண் பேச்சாளர்களில் 49.2 விழுக்காட்டினரை மட்டுமே அவ்வாறு அழைத்தார். அறிமுகம் செய்பவர் பெண்ணாக இருந்தபோது, பேச்சாளர் யாராக இருந்தாலும் 96.2 விழுக்காடு பட்டம் சொல்லப்பட்டது. இந்த ஆண்களில் பெரும்பாலோர் தம் சக மருத்துவரை அவமதிக்க நினைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. நாக்குப் பழக்கம் அவர்களுக்குத் தெரியாமலே வேறுபாடு காட்டுகிறது. அதனால்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூட்டத்தில் சொல்லாதீர்கள், தனியே சந்தித்துச் சொல்லுங்கள். ‘உங்கள் அன்பு எனக்குத் தெரியும் சார். ஆனாலும் கூட்டங்களில் மற்றவர்களை அழைப்பதைப் போலவே என்னையும் அழைத்தால் என் வேலைக்கு உதவியாக இருக்கும்’ என்று சொன்னால், நல்ல மனிதர் புரிந்துகொள்வார். மறந்துபோய் மீண்டும் பழையபடி அழைத்தால், ஒருமுறை நினைவூட்டுங்கள். ‘மேடம்’ என்பது உங்களுக்குப் பிடிக்காவிட்டால், எல்லாரையும் பெயரோடு ‘நீங்கள்’ என்று அழைக்கலாமே என்ற யோசனையையும் வையுங்கள். பல அலுவலகங்களில் அது இயல்பாகிவிட்டது.

கேள்வி: வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் பணியில் இருக்கிறேன். ‘அக்கா’ என்றால் ஒருவர் கோபிக்கிறார். ‘ஆன்ட்டி’ என்றால் பலரும் கோபிக்கிறார்கள். ‘மேடம்’ என்றால் சிலர் அந்நியமாக உணர்கிறார்கள். பொதுவான ஒரு சொல் இல்லையா?

பதில்: உறவுச்சொல் ஒவ்வொன்றிலும் வயதுக் கணிப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. ‘அக்கா’ என்றால் என்னைவிட மூத்தவர். ‘ஆன்ட்டி’ என்றால் என் தாயின் தலைமுறை. குரலை மட்டும் கேட்டு வயதைக் கணித்து அதை அவரிடமே சொல்லிவிடுகிறீர்கள் என்பதுதான் கோபத்துக்குக் காரணம். உறவுச்சொல்லால் அந்நியரை அழைப்பது நம் பேச்சின் அழகுகளில் ஒன்று என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உறவை ஏற்படுத்திக்கொள்ள இருவரும் விரும்ப வேண்டும். விற்பனைக்காகவோ நிறுவனத்துக்காகவோ பேசும்போது அந்த விருப்பத்தை நாமாகக் கற்பித்துக்கொள்ள முடியாது.

பொதுவான சொல்லைத் தேடி அலைய வேண்டாம். அழைக்கும் சொல்லே இல்லாமல் மரியாதையாகப் பேச நம் மொழி இடம் தருகிறது. ‘வணக்கம், சொல்லுங்க’, ‘ஒரு நிமிடம் காத்திருங்க’, ‘ஆமாங்க’, ‘சரிங்க’ என்று பேசும்போது அந்த ‘ங்க’ எல்லா மரியாதையையும் தாங்கிக்கொள்கிறது. வயது, பால், மணநிலை எதுவும் தெரியாமலே முழு உரையாடலையும் பண்போடு முடித்துவிடலாம். பெயர் தெரிந்திருந்தால் தொடக்கத்தில் ஒருமுறை, ‘உங்களை எப்படி அழைக்கட்டுங்க?’ என்று கேளுங்கள். அவர் ‘அக்கான்னே கூப்பிடு’ என்று சொன்னால், அன்றிலிருந்து அது அவர் கொடுத்த உரிமை.

கேள்வி: முன்னொட்டுகள்தாம் சிக்கலுக்கெல்லாம் காரணம் என்றால், எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு யாரையும் பெயர் சொல்லி அழைப்பதுதானே சமத்துவம்?

பதில்: அப்படிச் செய்து காட்டிய நாடு ஒன்று இருக்கிறது. ஸ்வீடனில் ஒருவரைப் பதவிப் பெயராலும் பட்டத்தாலும் சுற்றி வளைத்து அழைக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. மனைவியர் கணவரின் பதவிப் பெயரின் பெண்பால் வடிவத்தால் அழைக்கப்பட்டார்கள். 1967-இல் அந்நாட்டின் மருத்துவத் துறைத் தலைமைப் பொறுப்பை ஏற்ற ப்ரோர் ரெக்செட், தம் ஊழியர்கள் அனைவரையும் ஒருமையிலும் பெயராலும் அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றம் அதற்குப் பிறகு விரைந்து பரவி, சில ஆண்டுகளில் பட்டங்கள் அன்றாடப் பேச்சிலிருந்து விலகிவிட்டன. ஐஸ்லாந்தில் நாட்டுத் தலைவரைக்கூட முதற்பெயராலேயே அழைக்கிறார்கள். தொலைபேசிப் புத்தகமும் முதற்பெயர் வரிசையில்தான் இருந்தது.

ஆனால் எல்லாரையும் ஒரே நேரத்தில் பெயரால் அழைத்ததால்தான் அங்கே அது சமத்துவமாயிற்று. சிலருக்குப் பட்டமும் சிலருக்கு வெறும் பெயரும் என்று இருக்கும் இடத்தில் வெறும் பெயர் என்பது இழிவு. மேரி ஹாமில்ட்டன் என்ற கறுப்பினப் பெண்ணின் வழக்கை இதற்காகவே நினைவுபடுத்த விரும்புகிறேன். கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத்தில் ஈடுபட்ட அவர் 1963-இல் அலபாமா மாநில நீதிமன்றம் ஒன்றில் சாட்சிக் கூண்டில் நின்றபோது, அரசு வழக்கறிஞர் அவரை ‘மேரி’ என்று அழைத்துக் கேள்வி கேட்டார். வெள்ளையினப் பெண்களை ‘மிஸ்’, ‘மிஸஸ்’ என்று அழைத்துவிட்டுக் கறுப்பினப் பெண்களை முதற்பெயரால் அழைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. தம்மை ‘மிஸ் ஹாமில்ட்டன்’ என்று முறையாக அழைக்கும்வரை பதில் சொல்ல மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி அவருக்கு 5 நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1964 மார்ச்சில் அந்த நீதிமன்றம் அவமதிப்புத் தீர்ப்பை ரத்து செய்தது.

44 வயது வாசகியைச் சிறுமியாக உணரவைக்கும் அதே வகை முன்னொட்டுக்காகத்தான் அவர் சிறை சென்றார். இரண்டு பெண்களும் கேட்பது ஒன்றையே: மற்றவர்க்குத் தரும் மதிப்பைத் தமக்கும் தர வேண்டும், அதைத் தாம் ஏற்கும் வடிவில் தர வேண்டும். முன்னொட்டுகளை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்குவதற்கு முன், உங்கள் இடத்தில் யார் யாரெல்லாம் ஏற்கெனவே வெறும் பெயரால் மட்டும் அழைக்கப்படுகிறார்கள் என்று பாருங்கள். அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் பெண்ணை ‘நீ’ என்றும் பெயராலும் அழைத்துவிட்டு, அதிகாரியின் ‘மேடம்’ பட்டத்தை ஒழிப்பதில் தொடங்கினால் அது தலைகீழ் வேலை. அவரை ‘நீங்கள்’ என்று அழைப்பதில் தொடங்குங்கள்.

கேள்வி: செய்திகளில் பெண் அதிகாரி ‘கூறினார்’ என்றும், வீட்டுவேலை செய்யும் பெண் ‘கூறினாள்’ என்றும் எழுதுகிறார்கள். இதை யாரும் கவனிப்பதில்லையா?

பதில்: கவனிக்கிறார்கள், முன்பைவிட இப்போது குறைந்தும் இருக்கிறது. ஒருவரைப் பன்மையால் கூறுவது இலக்கண நெறியன்று என்றாலும் வழக்கில் உள்ள உயர்சொல் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அவ்வளவு பழைமையான மரியாதை வடிவம் இது. ‘அவர்’ என்ற சொல்லில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. மணநிலையைப் பற்றிய பேச்சே இல்லை. பிற மொழியினர் ஆணைகள் பிறப்பித்துத் தேடிக்கொண்ட பொதுமை நம் படர்க்கைப் பெயரில் முன்பே இருக்கிறது. அதை யாருக்குத் தருகிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பதுதான் நம்முடைய கணக்கில் எழுத வேண்டியது. வளர்ந்த மனிதர் அனைவருக்கும் ‘அவர்’ என்று எழுதுவது செய்தி எழுதுவோரின் கடமை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். கதையில் வரும் ‘அவள்’, தோழியைப் பற்றி நெருக்கத்தோடு சொல்லும் ‘அவள்’ ஆகியவை வேறு. அவற்றில் உரிமை இருக்கிறது. முன்பின் அறியாத ஒரு பெண்ணை, அவர் ஏழை என்ற ஒரே காரணத்துக்காக ‘அவள்’ என்று எழுதும் உரிமை யாருக்கும் இல்லை.

கேள்வி: தம்பதியருக்கு அழைப்பிதழ் எழுதும்போது ‘திரு, திருமதி’ என்று போட்டுக் கணவர் பெயரை மட்டும் எழுதுவது சரியா?

பதில்: சரியில்லை. இருவர் பெயரையும் எழுதுங்கள். இருவரில் உங்களுக்கு நெருக்கமானவர் பெயரை முதலில் எழுதலாம்.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்காக இணையப் படிவம் ஒன்றை வடிவமைக்கிறேன். ‘திரு, திருமதி, செல்வி’ என்று மூன்று தெரிவுகள் வைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: அந்தக் கட்டம் எதற்கு என்று முதலில் உங்கள் நிறுவனத்தில் கேளுங்கள். கடிதத்தின் தலைப்பில் பெயரும் ‘அவர்களுக்கு’ என்பதும் போதுமென்றால் கட்டத்தையே எடுத்துவிடலாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் ‘முனைவர்’, ‘டாக்டர்’, ‘திருமிகு’ ஆகியவற்றைச் சேருங்கள். ‘முன்னொட்டு வேண்டாம்’ என்ற தெரிவையும் சேருங்கள். பாலைக் குறிக்காத ‘எம்-எக்ஸ்’ என்ற ஆங்கிலச் சுருக்கத்தை 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சேர்த்துக்கொண்டது. ஆங்கிலப் படிவமும் இருந்தால் அதற்கும் இடம் கொடுங்கள். எதையும் முன்கூட்டியே தெரிவு செய்து வைக்காதீர்கள். நிரப்பாமல் விட்டாலும் படிவம் அடுத்த பக்கத்துக்குச் செல்லும்படி அமைத்துவிடுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளும் வசதியையும், காரணம் கேட்காமல், கணக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.